பனியன் கம்பெனியில் பிரசவ வகுப்பு

ஆஸ்பத்திரி நர்ஸ் ஊசி போடுவாள். பனியன் கம்பெனி நர்ஸ் ஊசியைப் பிடுங்குவாள். தையல் மெஷினுக்குள் விரலைக் கொடுத்துவிட்டு, நகத்தில் பாதி ஊசியோடு ஓடி வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவது, தலைவலிக்கு மாத்திரை கொடுப்பது, "லீவுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சிஸ்டர்" என்று வந்து நிற்பவர்களைச் சமாளிப்பது, இவைதான் எங்கள் பிழைப்பு. என்னைப் போல ஏதாவது ஒரு கம்பெனியின் சிக் ரூமில் உட்கார்ந்து காலம் தள்ளுகிற சகோதரிகள் இதைப் படித்தால் இப்போதே தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கணவருக்கு நிட்டிங்கில் வேலை கிடைத்து நாங்கள் திருப்பூருக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஐந்து வருஷத்துக்கு முன்பு ஒருநாள் மேனேஜர் சிக் ரூமுக்குள் எட்டிப் பார்த்து, "மாசமா இருக்கற புள்ளைங்களுக்கு ஒரு கிளாஸ் மாதிரி எடுங்களே சிஸ்டர், பெரிய ஆஸ்பத்திரியில எல்லாம் எடுக்கறாங்களாமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்ன சொல்லித் தர வேண்டும், எங்கே உட்கார வைக்க வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்குக் கேன்டீன் காலியாக இருக்கும் என்பதால் அங்கேயே ஆரம்பித்தேன்.

நாலு பேரும் ஒரு நோட்டும்

எனக்குத் தெரிந்தே அப்போது கம்பெனியில் பதினோரு கர்ப்பிணிகள் இருந்தார்கள். 'கர்ப்பிணிப் பெண்களுக்கு வகுப்பு. கணவர்களும் வரலாம்' என்று எழுதி ஒட்டினேன். வந்தது நாலு பேர். கணவர் என்று ஒருவர்கூட இல்லை. விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. யார் யார் மாசமாக இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து வேலையை விட்டு நிறுத்தத்தான் இந்த ஏற்பாடு என்று ஒரு பேச்சு தையல் லைன் முழுக்கச் சுற்றியிருக்கிறது. அடுத்த வாரம் ஒவ்வொரு மெஷினாகப் போய், "அப்படியெல்லாம் இல்லம்மா, நான் பொறுப்பு" என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

வந்த நாலு பேரில் செல்வி என்று ஒரு பெண். ஓவர்லாக் டெய்லர், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வேலைக்கு வந்தவள், என் வகுப்புக்குப் புது நோட்டு, இரண்டு பேனா, ஒரு ஸ்கேல் எல்லாம் கொண்டு வந்திருந்தாள். நான் 'ரத்தச்சோகை' என்று போர்டில் எழுதினால் அவள் ஸ்கேல் வைத்து அடிக்கோடு போடுவாள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடக் கூடாது என்றதற்கு இரண்டு கோடு. வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "சிஸ்டர், இதுல பெயிலாயிட்டா என்ன செய்வாங்க?"

டி-ஷர்ட் கழுத்து

பிரசவத்தில் கர்ப்பப்பையின் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும் என்பதை விளக்குவதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிடும். படம் வரைந்தேன். பூரண கும்பம் மாதிரி வந்தது. கைகளை விரித்துக் காட்டினேன். வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். சாம்பிள் செக்ஷனில் மல்லிகா அக்கா என்பவர் வேஸ்ட் துணியைத் திணித்து எனக்கு ஒரு பொம்மைக் குழந்தை தைத்துக் கொடுத்திருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டு நின்றேன். அப்போது முன்வரிசையில் இருந்த கௌரி எழுந்து வந்தாள். காங்கேயத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. டி-ஷர்ட்டுகளுக்குக் கழுத்துப்பட்டி தைப்பது அவள் வேலை. "அந்தப் பொம்மையைக் குடுங்க சிஸ்டர்" என்று வாங்கி, மேஜையில் கிடந்த குழந்தை டி-ஷர்ட் ஒன்றை எடுத்து, உள்பக்கத்திலிருந்து பொம்மையின் தலையைக் கழுத்துப்பட்டி வழியாக மெதுவாகத் தள்ளினாள்.

பட்டி முதலில் விடவில்லை. பிறகு கொஞ்சம் விரிந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். தலையின் அகலமான இடம் வந்ததும் இழுத்துப் பிடித்தது. அதைத் தாண்டியதும் பொம்மை மொத்தமும் சட்டென்று வெளியே வந்து விழுந்தது. பத்து மாதமாக யாரும் புரிய வைக்காத விஷயம் அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது. எல்லோரும் அந்தக் கழுத்துப்பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கௌரிதான் முதலில் வாயைத் திறந்தாள்: "ஏனுங்க சிஸ்டர், டெய்லி எத்தனை கழுத்து தைக்கறோம், இதுக்குப் போயா இத்தனை நாளாப் பயந்துட்டு இருந்தோம்?"

ஸ்டீம் சத்தம்

மூச்சுப் பயிற்சி அன்று பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். மூக்கால் இழுத்து, வாயைக் குவித்து நீளமாக ஊத வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் 'உஸ்ஸ்ஸ்' என்று ஊதினார்கள். இரண்டாவது சுற்றில் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்லர் ஆப்பரேட்டர் ரங்கசாமி அண்ணன் ஸ்பேனரோடு உள்ளே பாய்ந்தார். அயர்னிங் செக்ஷனுக்குப் போகிற ஸ்டீம் குழாய் கேன்டீன் சுவருக்குப் பின்னால்தான் போகிறது. உள்ளே வந்தவர் குவிந்த வாயோடு தன்னையே பார்க்கும் பன்னிரண்டு கர்ப்பிணிகளைப் பார்த்தார். ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "லீக் ஒண்ணும் இல்லீங்க, நீங்க பாட்டுக்கு ஊதுங்க."

வாசலில் நின்ற கட்டிங் மாஸ்டர்

கணவர்களை வரவழைத்ததுதான் பெரும்பாடு. வகுப்பு எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். முதலில் வந்தவர் கௌரியின் கணவர் பழனிசாமி. எங்கள் கம்பெனியிலேயே கட்டிங் மாஸ்டர். வந்தார் என்றும் சொல்ல முடியாது, கேன்டீன் வாசல்வரை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று வாரம் அப்படித்தான் நின்றார். உள்ளே வாங்க என்றால், "பரவால்லீங்க, இங்கயே கேக்குதுங்க" என்பார். மனிதர் பேசவே மாட்டார். மேனேஜர் திட்டினாலும் தலையாட்டுவார், பாராட்டினாலும் தலையாட்டுவார். பெற்ற அம்மா முன்னால் சத்தமாக ஒரு வார்த்தை பேசியதில்லை என்று கௌரி சொல்லுவாள்.

நாலாவது வாரம், வலி எடுத்த பெண்ணைச் சுற்றிக் கூட்டம் போடக் கூடாது, அவளைக் கொஞ்சம் நடக்க விட வேண்டும், அமைதியாக இருக்க விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து குரல் வந்தது. "கரெக்டுங்க. மாடு கன்னு போடறப்பவும் அப்படித்தானுங்க. ஆள் நின்னு பாத்துட்டே இருந்தா அது போடாதுங்க." அவர் வீட்டில் காங்கேயம் மாடுகள் உண்டு. ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. மாடு எப்படி இடம் தேடும், எப்படிப் படுத்துப் படுத்து எழும், பக்கத்தில் இருக்கிறவன் எப்படிக் கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்று பத்து நிமிஷம் பேசினார். நான் நடத்த வேண்டிய பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிட்டது. பெண்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். கௌரி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "மாட்டுக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தவரு, எனக்கும் உக்காந்திருப்பாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சிஸ்டர்."

தேதி தவறினால்

ஆபீஸிலிருந்து வந்த ஒரே மாணவி மெர்ச்சண்டைசர் தீபா. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் பையர்களோடு பேசி, சொன்ன தேதியில் சரக்கைக் கப்பல் ஏற்றுவது அவள் பொறுப்பு. டாக்டர் கொடுத்த தேதியையும் அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு, எந்த வாரம் பை எடுத்து வைப்பது, எந்த வாரம் அம்மாவை வரச் சொல்வது, எந்த நாள் லீவு என்று எல்லாவற்றையும் எழுதி எனக்கும் ஒரு பிரிண்ட் கொடுத்தாள். "அந்தத் தேதி ஒரு உத்தேசம்தாம்மா, முன்னே பின்னே ஆகும்" என்று நான் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

தேதி வந்தது, போனது. மறுநாள் காலையில் போன் செய்தாள். அதற்கடுத்த நாளும் செய்தாள். டாக்டரிடம் போய்ப் பார்த்துவிட்டாள், குழந்தை நன்றாக இருக்கிறது, இன்னும் இரண்டு மூன்று நாள் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பதறுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "எத்தனையோ பையர்கிட்ட நான் எக்ஸ்டென்ஷன் கேட்டிருக்கேன் சிஸ்டர். இப்பத்தான் ஒருத்தர் என்கிட்ட எக்ஸ்டென்ஷன் கேக்கறாங்க, குடுத்துத்தானே ஆகணும்."

பத்து வரைக்கும்

செக்கிங்கில் வேலை செய்த சுனிதா ஒடிசாக்காரி. கணவன் அயர்னிங்கில். அம்மா, மாமியார், அக்கா என்று யாரும் இங்கே இல்லை. எனக்குத் தெரிந்த இந்தியில் 'வலி இருக்கா', 'மாத்திரை சாப்பிடு' இரண்டும்தான் உருப்படி. அதனால் அவளுக்கு எல்லாம் ஜாடைதான். செல்வி இருக்கிறாளே, அவள் நோட்டில் படம் போட்டு விளக்குவாள். எது புரிந்தது எது புரியவில்லை என்று எங்களுக்கே தெரியாது. சுனிதா எல்லாவற்றுக்கும் சிரிப்பாள். வலி வரும்போது ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணிக்கொண்டே மூச்சை விட வேண்டும் என்று நான் நடத்தியபோதும், எல்லோரோடும் சேர்ந்து வாயை அசைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆயிற்று. மறுநாள் மல்லிகா அக்காவும் நானும் பார்க்கப் போனோம். பெண் குழந்தை, நல்ல முடி. பிரசவ வார்டு நர்ஸ் எங்களைப் பார்த்ததும், "இந்தப் பொண்ணு நம்ம ஊருன்னு நெனச்சுட்டேன். வலியில அவ்வளவு அழகா ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுச்சு. அப்புறம் தமிழ்ல ஏதோ கேட்டா முழிக்குது" என்றார். பயமாக இருந்ததா என்று சுனிதாவிடம் கேட்டேன். இந்த முறை என் ஜாடை புரிந்தது. குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே, எங்களிடம் கற்ற அரைகுறைத் தமிழில் சொன்னாள்: "பத்து வரைக்கும் தெரியும் சிஸ்டர். பத்து முடிஞ்சா, திரும்பி ஒண்ணு."

ஏறாத வளையல்

வகுப்பில் ஒவ்வொரு வாரமும் ஒரு பட்டியலைச் சொல்லச் சொல்லுவேன். விடாத தலைவலி, கண் முன்னால் பூச்சி பறப்பது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, ரத்தம் படுவது, பனிக்குடம் உடைவது, குழந்தையின் அசைவு குறைவது. இதில் எது வந்தாலும் வீட்டில் யாரிடமும் உத்தரவு கேட்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். 'திரும்பத் திரும்ப இதையே ஏன் சொல்கிறீர்கள்' என்று சிலருக்கு அலுப்பு. பழனிசாமி வாசலில் நின்றபடி உதட்டை அசைத்து ஒப்பிப்பார்.

கௌரிக்கு ஒன்பதாம் மாதத்தில் காங்கேயம் பக்கம் மாமியார் வீட்டில் வளைகாப்பு. முற்பகல் நேரம், வீடு நிறைய சொந்தக்காரர்கள். முதல் சுமங்கலி வளையலைப் போடப் போனார், ஏறவில்லை. போன வாரம் அளவு பார்த்து வாங்கிய வளையல். "புள்ளைக்குக் கை பூரிச்சுப்போச்சு" என்று எல்லோரும் சிரித்தார்கள். யாரோ சோப்புத் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார்கள். பந்தல் ஓரத்தில் பந்தி வேலையாக நின்ற பழனிசாமி அந்தச் சிரிப்பைக் கேட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். கை மட்டுமல்ல, கௌரியின் முகமே வேறு மாதிரி இருந்தது. கூட்டத்துக்குள் நுழைந்து, "தலை வலிக்குதா?" என்று கேட்டார். "காத்தாலிருந்து வலிக்குது, சபையில சொல்ல வேண்டாம்னு இருந்தேன்" என்றாள். "கண்ணுல பூச்சி பறக்குதா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

பெற்ற அம்மா முன்னால் குரல் உயர்த்தாத மனுஷன் அன்று உயர்த்தினார். "எந்திரி, போலாம்." அவருடைய அம்மா நாச்சம்மாள் குறுக்கே வந்து, "பாதிச் சடங்குல எந்திரிக்கக் கூடாது சாமி, குழந்தைக்கு ஆகாது. பந்தலுக்குள்ள கூட்டம், புழுக்கம், அதான் தலைவலி" என்று கையைப் பிடித்தார். பழனிசாமி கையை விடுவித்துக்கொண்டு, பூவும் சந்தனமுமாக இருந்த மனைவியைக் காரில் ஏற்றினார். போகிற வழியில்தான் எனக்குப் போன் வந்தது. "சிஸ்டர், பட்டியல்ல மூணு இருக்குதுங்க. கௌம்பிட்டோம்." நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்க, எங்கேயும் நிற்காதீங்க என்று சொன்னேன். இத்தனை வருஷ நர்ஸ், போனைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த ஜெபத்தை எல்லாம் சொன்னேன்.

ரத்தக் கொதிப்பு ஏகத்துக்கும் ஏறியிருந்தது. ஊசி போட்டு இறக்கி, இரண்டு நாள் கழித்து ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பையன். இரண்டு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு வாரம் இருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் தள்ளிப் போட்டிருந்தால் கௌரிக்கு வலிப்பு வந்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். நான் பார்க்கப் போனபோது பழனிசாமி கண்ணாடி அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கௌரி சொன்னாள், மூன்று நாளாக அந்த நாற்காலியை விட்டு அசையவில்லையாம். "எப்படி அண்ணே அவ்வளவு பேர் முன்னால எழுப்பிக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றேன். சொன்னார்: "துணியில சுருக்கம் தெரிஞ்சா கத்தியை நிறுத்திப்போடோணுமுங்க. ஆருகிட்டயும் கேட்டுட்டு நிக்கப்படாது, வெட்டுனதுக்கப்புறம் ஒட்ட முடியாதுங்களே."

நாச்சம்மாள் வந்த சனிக்கிழமை

கௌரி குழந்தையோடு வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை வகுப்பில் கடைசி பெஞ்சில் நாச்சம்மாள் உட்கார்ந்திருந்தார். பஸ் ஏறித் தனியாக வந்திருக்கிறார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். உங்கள் வகுப்பால்தான் என் வீட்டுச் சடங்கு பாதியில் நின்றது என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அவரைப் பார்க்காமலே பாடத்தை நடத்தினேன். அன்றைக்குச் சீம்பால் பாடம். முதல் பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றாதீர்கள், சர்க்கரைத் தண்ணீர் கொடுக்காதீர்கள் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். அவர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்தார். கையில் ஒரு தூக்குப்போசி, உள்ளே கௌரிக்குச் செய்ததில் எனக்கும் எடுத்து வைத்த பூண்டுக் குழம்பு. "பழனிசாமிக்கு முன்ன ஒண்ணு இருந்துச்சுங்க, பொட்டப் புள்ள. எனக்கும் இப்படித்தான் கை கால் வீங்கிக் கெடந்துச்சு, கண்ணு தெரியலீன்னு சொன்னேன். திருஷ்டின்னு மந்திரிச்சாங்க. புள்ள வயித்துலயே போயிருச்சு. என்ற தலையெழுத்துன்னே இத்தனை வருசமும் நெனச்சுட்டு இருந்தேனுங்க" என்றார். அழவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். யாருடைய தப்பும் இல்லைம்மா, அன்றைக்கு யாருக்கும் தெரியாது என்று மட்டும் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செல்வியின் நோட்டிலிருந்து நான் பிரதி எடுத்து வைத்திருந்த பட்டியல் தாளைச் சுட்டிக்காட்டினார். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க கண்ணு, ஆனா அதுல ஒரு பத்துத் தாள் குடுங்க, எங்க ஊர்ல மாசமா இருக்கறவிய ஊட்டுக்கெல்லாம் கொண்டுபோய் நானே ஒட்டிப்போடறேன்."

என் வகுப்புக்கு வந்ததால் பிரசவ வலி ஒரு துளியும் குறையவில்லை என்று இதுவரை எல்லோருமே என் முகத்துக்கு நேராகச் சொல்லியாயிற்று, அப்படிச் சொன்ன கையோடு நாத்தனாரையும் தங்கச்சியையும் அடுத்த சனிக்கிழமை என் முன்னால் கொண்டுவந்து உட்கார வைப்பதும் அவர்களேதான்.